அமேசான் காட்டுப் பயணம்: தம்போபாட்டா, மனூ, பக்காயா சமிரியா, குயபேனோ – யாருக்கு எது?

கடந்த சில மாதங்களில் மூன்று தரப்பினர் ஏறத்தாழ ஒரே கேள்வியோடு என்னிடம் வந்தார்கள். ஓய்வுபெற்ற ஒரு தம்பதியர், பறவைப் படம் எடுப்பதில் ஊறிப்போன ஒரு வங்கி ஊழியர், தென் அமெரிக்காவைச் சிக்கனமாகச் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு முதுகலை மாணவர். வழிகாட்டியோடு நான்கைந்து நாள்கள் அமேசானில் தங்கி விலங்குகளைப் பார்க்க வேண்டும், எங்கே போவது என்பதுதான் கேள்வி. மூவருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியவில்லை. பிரெஞ்சு கயானாவையும் சேர்த்து ஒன்பது நிலப்பகுதிகளில் பரந்து கிடக்கும் ஒரு காட்டை 'அமேசான்' என்ற ஒற்றைச் சொல்லால் குறிப்பதே பாதிக் குழப்பத்துக்குக் காரணம். இங்கே நான் எடுத்துக்கொள்வது ஆண்டிஸ் மலையடிவாரத்தை ஒட்டிய மேற்கு அமேசானின் நான்கு இடங்களை மட்டும்: பெருவில் மூன்று, ஈக்குவடாரில் ஒன்று.

எதை வைத்து எடைபோடுவது

விளம்பரங்களில் நாள்கணக்குதான் பெரிய எழுத்தில் இருக்கும். நீங்கள் விடியல்களை எண்ணிப் பாருங்கள். மழைக்காட்டில் காலை ஐந்தரை மணி தொடங்கி ஒன்பது மணி வரை பறவைகளும் குரங்குகளும் இரைதேடி அலைகின்றன. வெயில் ஏறியதும் காடு அடங்கிவிடும், மாலை நான்கு மணிக்குப் பிறகுதான் மீண்டும் அசைவு தெரியும். 'மூன்று நாள், இரண்டு இரவு' என்று விற்கப்படும் பயணத்தில் முதல் நாள் மதியத்துக்குமேல்தான் விடுதியை அடைவீர்கள். கடைசி நாள் விடியல் விமான நிலையத்துக்குத் திரும்பும் படகில் கழியும். எஞ்சுவது ஒரே ஒரு விடியல். அன்று மழை பெய்தால் அதுவும் இல்லை. தங்கும் இரவுகளில் ஒன்றைக் கழித்தால் கைக்கு வரும் விடியல்களின் எண்ணிக்கை கிடைத்துவிடும். மூன்றுக்குக் குறைவான பயணத்தை, வேறு வழி இருக்கும்வரை, நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

அடுத்தது தண்ணீர். அடர்ந்த காட்டுக்குள் நடக்கும்போது கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் அடிமரங்களும் பூச்சிகளும் தவளைகளும்தான். விலங்குகள் முப்பது நாற்பது மீட்டர் உயரத்து இலைக்கூரையில் இருக்கின்றன. கண்காணும் காட்சிகளில் பெரும்பகுதி ஆற்றங்கரையிலும், ஆறு தடம் மாறியபின் துண்டாகி நின்றுபோன குதிரைக் குளம்பு ஏரிகளிலும்தான் கிடைக்கும். ஆகவே ஓர் இடத்தில் எந்த வகை நீர் இருக்கிறது, அது எந்த மாதத்தில் எவ்வளவு உயர்கிறது என்பது விடுதியின் படுக்கை வசதியைவிட முக்கியமான செய்தி.

மூன்றாவது அளவுகோல் வழிகாட்டி. நம் கண்ணுக்குப் பச்சைச் சுவராகத் தெரிவதில் அவர் ஒரு தேவாங்கு அளவே உள்ள குரங்கைக் காட்டுவார். ஒரு வழிகாட்டிக்கு ஆறு பேருக்குமேல் என்றால் வரிசையின் கடைசியில் நடப்பவர் எதையும் பார்க்கப்போவதில்லை. என் முதல் பயணத்தில் முகவர் எழுதித் தந்த வழிகாட்டியின் பெயர் ஒன்று, படகுத்துறையில் காத்திருந்தவர் வேறு. வந்தவர் காட்டை உள்ளங்கைபோல் அறிந்தவர்தான், ஆனால் அவருக்கு ஸ்பானிய மொழி மட்டுமே தெரியும். நான்கு நாள்களும் அவர் காட்டிய திசையில் பார்த்தேனே தவிர, எதைப் பார்க்கிறேன் என்பது பாதி நேரம் விளங்கவில்லை. வழிகாட்டியின் மொழி, குழுவின் அளவு, தொலைநோக்கி வசதி ஆகிய மூன்றையும் முன்பணம் கட்டும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

உடல் சிரமமும் மொத்தச் செலவும் மீதி இரண்டு அளவுகோல்கள். அவற்றை அந்தந்த இடத்தோடு சேர்த்தே பார்க்கலாம்.

| இடம் | நுழைவாயில் நகரம் | வழக்கமான பயணம் | கைக்கு வரும் விடியல் | ஏற்ற மாதங்கள் | செலவு |
|---|---|---|---|---|---|
| தம்போபாட்டா | புவேர்ட்டோ மால்டொனாடோ | 5 நாள் | 3 | மே–அக்டோபர் | நடுத்தரம் |
| மனூ | குஸ்கோ | 8 நாள் | உள்காட்டில் 2 அல்லது 3, முகில்காட்டில் 1 | மே–அக்டோபர் | அதிகம் |
| பக்காயா சமிரியா | இக்கிட்டோஸ் | 5 நாள் | 3 | ஆண்டு முழுவதும். காட்சி வேறுபடும் | படகில் குறைவு, கப்பலில் மிக அதிகம் |
| குயபேனோ | லாகோ அக்ரியோ | 4 அல்லது 5 நாள் | 2 அல்லது 3 | மார்ச்–நவம்பர் | குறைவு |

தம்போபாட்டா

பெருவின் தென்கிழக்கில், மாத்ரே தே தியோஸ் மாநிலத்தில், சுமார் 2.75 லட்சம் ஹெக்டேரில் அமைந்த காப்பகம் இது. குஸ்கோவிலிருந்து புவேர்ட்டோ மால்டொனாடோவுக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அன்று மாலையே காட்டுக்குள் இருக்கலாம். மச்சு பிச்சுவைப் பார்க்கப் போகிறவர்கள் தங்கள் பயணத்தோடு எளிதாக இணைத்துக்கொள்ளக்கூடிய அமேசான் இதுதான்.

இங்கே காண வேண்டியது கொல்பா எனப்படும் களிமண் கரை. இருட்டு விலகுமுன்பே படகில் போய், எதிர்க்கரையில் சிறு முக்காலி போட்டு உட்கார்ந்துவிட வேண்டும். முதலில் சின்னக் கிளிகள் கூச்சலோடு வந்து இறங்கும். பஞ்சவர்ணக்கிளிகள் அவ்வளவு எளிதில் இறங்குவதில்லை; இரண்டிரண்டாக வந்து மேலிருக்கும் மரங்களில் அமர்ந்து, அரை மணி நேரத்துக்கு மேலும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும். பிறகு ஒன்று துணிந்து மண்ணைப் பற்றும். அதற்குப் பின் சில நிமிடங்களில் செம்மண் சரிவு முழுவதும் சிவப்பும் நீலமும் மஞ்சளுமாக மாறிவிடும். ஒரு பருந்தின் நிழல் விழுந்தால் போதும், அத்தனையும் ஒரே இரைச்சலில் எழுந்து பறந்துவிடும். அன்றைக்குத் திரும்பி வராமலும் போகலாம். கடலிலிருந்து வெகுதூரம் தள்ளிய இந்தப் பகுதியில் உணவில் சோடியம் குறைவு என்பதால் கிளிகள் உப்புக்காகவே இந்த மண்ணைத் தின்கின்றன என்பது இங்கே நடந்த ஆய்வுகள் வலுவாகச் சுட்டும் காரணம். மழை நாளில் அவை வருவதில்லை. மே கடைசியிலும் ஜூனிலும் வருகை குறைவு, ஆகஸ்டுக்குப் பிறகு கூடுதல். ஒரே விடியலை நம்பிப் போகக் கூடாது என்று நான் சொல்வதன் பொருள் இங்கேதான் நன்றாகப் புரியும்.

சாண்டோவால் ஏரி இன்னொரு காரணம். சேற்றுப் பாதையில் மூன்று கிலோமீட்டர் நடந்து, துடுப்புப் படகில் ஏற வேண்டும். ஏரியில் மோட்டார் கூடாது. ராட்சத நீர்நாய்க் குடும்பம் மீன் தின்னும்போது முள் நொறுங்கும் சத்தம் அந்த அமைதியில் ஏரிக்கு இந்தப் பக்கம் வரை கேட்கும். ஏறத்தாழ ஆறடி நீளம் வரை வளரும் விலங்கு அது. ஆற்று ஓநாய் என்று ஸ்பானிய மொழியில் அழைப்பது பொருத்தம்தான். கரையோரப் புதர்களில் ஹோட்சின் பறவைகள் புசுபுசுவென்று மூச்சுவிட்டபடி உட்கார்ந்திருக்கும். இலையைத் தின்று மாட்டைப்போல, ஆனால் தீனிப்பையில், புளிக்கவைக்கும் பறவை, அதன் குஞ்சுகளின் இறக்கையில் நகங்கள் உண்டு.

மறைந்திருக்கும் சிக்கல் விடுதியின் இடத்தில் இருக்கிறது. 'தம்போபாட்டா' என்ற பெயரில் விற்கப்படும் விடுதிகளில் பல நகரத்திலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில், காப்பகத்துக்கு வெளியே, தோட்டங்களும் தோப்புகளும் கலந்த இடைப்பகுதியில் இருக்கின்றன. அங்கே தங்கினால் கொல்பாவுக்குப் போக நள்ளிரவுக்குப் பிறகு எழுந்து பல மணி நேரம் படகில் உட்கார வேண்டும். அந்தப் பயணத்துக்குத் தனிக் கட்டணமும் உண்டு. ஆற்றின் மேற்பகுதியில் தொலைவில் உள்ள விடுதி விலையில் கூடுதலாகத் தெரிந்தாலும், கூட்டிப் பார்த்தால் வித்தியாசம் சுருங்கிவிடும். இந்த மாநிலத்தில் சட்டவிரோதத் தங்கச் சுரங்கங்கள் காட்டைத் தின்று பாதரசத்தை ஆற்றில் கலந்துவருவதும் உண்மை. 2019-இல் அரசு படைகளை அனுப்பி லா பாம்பா பகுதியைக் காலிசெய்த பிறகும் அது முற்றாக ஓயவில்லை. விமானத்தின் சன்னலோரம் உட்கார்ந்தால் அந்தக் காயங்கள் தெரியும்.

மனூ

1973-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டு, 1987-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற மனூ, பறவைக்காரர்களின் கனவு. ஆயிரத்துக்கும் அதிகமான பறவை வகைகள் இங்கே பதிவாகியிருக்கின்றன. இந்தப் பெருக்கத்துக்குக் காரணம் உயரம். குஸ்கோவிலிருந்து வண்டியில் புறப்பட்டு, பௌகர்தாம்போ ஊரைக் கடந்து, ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் கணவாயைத் தாண்டினால், அங்கிருந்து சாலை முகில்காட்டுக்குள் வளைந்து வளைந்து இறங்குகிறது. ஒவ்வொரு சில நூறு மீட்டர் இறக்கத்துக்கும் மரங்களும் பறவைகளும் மாறிக்கொண்டே வரும். பெருவின் தேசியப் பறவையான துங்கியின் ஆண்கள் விடியலில் கூடி, செக்கச்சிவந்த ஆரஞ்சுக் கொண்டையை ஆட்டிக் கூத்தாடுவதை வழியிலேயே பார்க்கலாம். அதன்பின் அத்தலாயா படகுத்துறை, அங்கிருந்து ஆறு.

மனிதக் கை அதிகம் படாத குதிரைக் குளம்பு ஏரிகள் சால்வடோர், ஒட்டோரோங்கோ என்ற பெயர்களில் உள்ளே இருக்கின்றன. வேட்டைக்குப் பழகாத விலங்குகள் என்பதால் குரங்குகள் மனிதரைக் கண்டு ஓடுவதில்லை. வறண்ட மாதங்களில் ஆற்று மணல்திட்டில் ஜாகுவார் வெயில் காய்வதைக் காணும் வாய்ப்பும், வாய்ப்பு என்ற அளவில், உண்டு. பூங்காவின் மிகப்பெரும் பகுதி வெளியாருக்கு மூடப்பட்டது. வெளியுலகோடு தொடர்பில்லாமல் வாழும் மாஷ்கோ பீரோ மக்களின் நிலமும் அதில் அடங்கும். சாதாரண நோய்க்கிருமிகூட அவர்களுக்கு உயிராபத்து என்பதால் அந்தக் கட்டுப்பாடு நியாயமானது. உரிமம் பெற்ற நிறுவனத்தோடு மட்டுமே பயணிகள் அனுமதிக்கப்பட்ட பகுதிக்குள் போக முடியும்.

ஏமாற்றம் வரும் இடமும் இதுவே. 'மனூ – நான்கு நாள்' என்று குஸ்கோ தெருக்களில் மலிவாக விற்கப்படும் பயணங்கள் பூங்காவுக்கு வெளியே உள்ள பண்பாட்டு மண்டலத்தோடு திரும்பிவிடும். சொல்வதில் பொய் இல்லை, ஆனால் வாங்குபவர் மனத்தில் இருக்கும் மனூ அதுவல்ல. 'எந்த ஏரி, எத்தனை இரவு' என்று கேட்டால் உண்மை வெளிவந்துவிடும். எட்டு நாள் பயணத்திலும் போக்குவரத்துக்கே நான்கு நாள்கள் போகின்றன. செலவு ஆயிரம் டாலரைத் தாண்டும். புறப்படும் முன்பே குஸ்கோவில் இரண்டு நாள் தங்கி 3,400 மீட்டர் உயரத்துக்கு உடம்பைப் பழக்கவும் வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் மணிக்கணக்கில் படகுப் பலகையில் உட்கார முடியாதவர்களுக்கும் இது ஏற்ற பயணம் அல்ல என்பதைத் தயங்காமல் சொல்லிவிடுகிறேன்.

பக்காயா சமிரியா

மரான்யோன், உக்கயாலி ஆறுகள் கூடும் இடத்தில் இருபது லட்சம் ஹெக்டேருக்கும் அதிகமான பரப்பில் இந்தக் காப்பகம் விரிந்திருக்கிறது. நுழைவாயிலான இக்கிட்டோஸுக்கு வெளியிலிருந்து சாலை கிடையாது. விமானம் அல்லது ஆறு. அங்கிருந்து நவுட்டா வரை சுமார் நூறு கிலோமீட்டர் சாலை, பிறகு படகு.

வெள்ளக்காடு என்ற சொல்லை நாம் மழைக்காலச் செய்திகளில் பயன்படுத்துகிறோம். இங்கே அது சொல்லுக்குச் சொல் உண்மை. ஆற்றுமட்டம் ஆண்டுக்குப் பல மீட்டர் ஏறி இறங்குகிறது. டிசம்பர் முதல் மே வரை நீர் காட்டுக்குள் பரவி நிற்கும்போது படகு மரங்களுக்கு நடுவே போகும். கீழே இருந்து அண்ணாந்து பார்த்த குரங்குகளும் அசைவற்றுத் தொங்கும் ஸ்லாத்துகளும் முகத்துக்கு நேரே வந்துவிடும். ஜூலை முதல் அக்டோபர் வரை நீர் வடிந்தால் நடைபாதைகள் திறக்கும். மீன்கள் குறுகிய ஓடைகளில் நெருக்கியடித்துக்கொள்ள, நாரைகளும் கொக்குகளும் கேமன் முதலைகளும் அங்கே திரளும். இளஞ்சிவப்பு டால்பின் இரண்டு பருவத்திலும் உண்டு. எது மேல் என்று கேட்டால், நடக்கச் சிரமப்படுபவர்களுக்கு உயர்நீர்க் காலம் ஒரு வரம் என்பேன்.

இங்கே தேர்வு இரண்டு துருவங்களுக்கு இடையில். உள்ளூர்க் கிராமத்தார் நடத்தும் துடுப்புப் படகுப் பயணத்தில் கொசுவலைக்குள் மரப்பலகையில் தூங்கி, ஆமை முட்டைகளைக் காத்துக் குஞ்சு பொரிக்கவைத்து ஆற்றில் விடும் வேலையையும் பார்க்கலாம். குளிரூட்டிய சொகுசுக் கப்பலிலோ சில இரவுகளுக்கே பல ஆயிரம் டாலர்கள் ஆகும். கப்பல் பெரிய ஆற்றில் நிற்கும், விலங்கைப் பார்க்க எப்படியும் சிறு படகில்தான் போக வேண்டும் என்பதை விளம்பரப் படங்கள் அவ்வளவாகக் காட்டுவதில்லை. பெருவின் மலேரியா நோயாளிகளில் பெரும்பாலோர் இந்த லோரேட்டோ மாநிலத்தைச் சேர்ந்தவர்கள். எனவே தடுப்பு மாத்திரை குறித்து மருத்துவரிடம் கேட்காமல் புறப்பட வேண்டாம்.

இக்கிட்டோஸ் சுற்றுவட்டாரத்தில் ஒருநாள் பயணமாக, ஸ்லாத்தைக் கட்டிப்பிடித்தும் அனகோண்டாவைத் தோளில் போட்டும் படம் எடுக்கவைக்கும் இடங்கள் உண்டு. அவை காட்டிலிருந்து பிடித்துவரப்பட்ட விலங்குகள். அத்தகைய நிறுத்தம் பயணத்திட்டத்தில் இருந்தால் நான் அந்த நிறுவனத்தையே விட்டுவிடுவேன்.

குயபேனோ

ஈக்குவடாரின் வடகிழக்கில் 1979-இல் அமைக்கப்பட்ட இந்தக் காப்பகம் நான்கிலும் மலிவானது. தலைநகர் கீட்டோவிலிருந்து இரவுப் பேருந்தில் ஏறினால் விடியலில் லாகோ அக்ரியோ. பிறகு சாலையில் குயபேனோ ஆற்றுப் பாலம் வரை, அங்கிருந்து இரண்டு மணி நேரம் மோட்டார் படகு. நான்கு நாள் பயணம் உணவும் வழிகாட்டியும் சேர்த்துச் சில நூறு டாலர்களில் முடிந்துவிடும். படகுப் பயணமே விலங்கு பார்க்கும் பயணமாகிவிடுவதால் முதல் நாள் மதியமும் வீணாவதில்லை. பெரிய ஏரியில் நீருக்குள் நின்றுகொண்டிருக்கும் மரங்களுக்கு இடையே சூரியன் இறங்குவதைப் பார்த்தபடி நீந்தலாம். இரவில் அதே ஏரியில் டார்ச் அடித்தால் கருங்கேமன்களின் கண்கள் தணல்போல் மின்னும். எந்த வரிசையில் இவற்றைச் செய்கிறோம் என்பதில் வழிகாட்டிகளுக்கு ஒரு தெளிவு இருக்கிறது.

இலைதழை ஊறிக் கறுத்த நீர் இது. இத்தகைய அமில நீரில் கொசுக்கள் குறைவு. சியோனா, கோஃபான் முதலிய பழங்குடிகளின் ஊர்களும் இங்கே உண்டு. மரவள்ளிக்கிழங்கைத் துருவிப் பிழிந்து அப்பமாகச் சுடுவதை அங்கே காட்டுவார்கள். நம் ஊர்க் கிழங்கின் தாய்நாடு தென் அமெரிக்கா என்பதை அந்த அடுப்படியில் உட்கார்ந்து நினைத்துக்கொண்டேன்.

குறைகளும் உண்டு. பஞ்சவர்ணக்கிளிகள் கூடும் களிமண் கரை இந்தப் பயணத்தில் கிடையாது. ஏறத்தாழ எல்லா விடுதிகளும் ஒரே ஆற்றையும் ஏரியையும் பகிர்ந்துகொள்வதால் நல்ல பருவத்தில் படகுகள் வரிசைகட்டும். ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் பெரிய ஏரி வற்றிச் சேறாகிவிடுவது வழக்கம்.

விலைப்பட்டியலில் வராத செலவுகள்

உள்நாட்டு விமானம், பூங்கா நுழைவுக் கட்டணம், வழிகாட்டிக்கும் படகோட்டிக்கும் தரும் அன்பளிப்பு, மழையால் விமானம் தாமதமானால் தேவைப்படும் ஓர் இரவு விடுதி, காட்டிலிருந்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதையும் உள்ளடக்கிய காப்பீடு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால் மலிவான பயணத்துக்கும் நடுத்தரப் பயணத்துக்கும் இடையிலான இடைவெளி நீங்கள் நினைத்ததைவிடக் குறைவு. தனியாகப் போகிறவர்களுக்குத் தனியறைக் கூடுதல் கட்டணமும் உண்டு. முழங்கால்வரை ரப்பர் காலணியைப் பெரும்பாலான விடுதிகள் தந்துவிடும். பெரிய அளவு பாதம் உள்ளவர்கள் முன்கூட்டியே கேட்க வேண்டும். இருகண் நோக்கியைக் கையோடு கொண்டுபோங்கள், வழிகாட்டியிடம் இருக்கும் ஒன்றை ஆறு பேர் பகிரும்போது பறவை காத்திருக்காது.

தெற்குப் பெருவில் மே முதல் ஆகஸ்டு வரை 'ஃபிரியாகே' என்ற குளிர்காற்று தெற்கிலிருந்து திடீரென்று வீசி, வெப்பநிலையைப் பதினைந்து டிகிரிக்கும் கீழே இறக்கிவிடும். மழைக்காடுதானே என்று கம்பளிச் சட்டை இல்லாமல் போனவர்கள் படகில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். சைவ உணவு எல்லா இடத்திலும் கிடைக்கும். சோறு, அவரை விதை, வாழைக்காய் என்று நமக்குப் பழகிய பொருள்கள்தான். ஆனால் சமையல் பொருள்கள் படகில் ஏறும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு ஒன்று: பெரு, ஈக்குவடார் ஆகியவை மஞ்சள் காய்ச்சல் நாடுகளின் பட்டியலில் இருப்பதால், தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் விமான நிலையத்தில் தனிமைப்படுத்தப்படலாம். பயணத்துக்குப் பத்து நாள்கள் முன்பாவது ஊசி போட்டிருக்க வேண்டும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். அறுபதைக் கடந்தவர்கள் மருத்துவர் ஆலோசனைக்குப் பிறகே போட்டுக்கொள்ள வேண்டும்.

மூவருக்கும் சொன்னது

தம்பதியருக்கு உயர்நீர்க் காலத்தில் பக்காயா சமிரியாவைச் சொன்னேன். இருவருக்கும் நடை சிரமம், படகில் உட்காருவதில் சிரமம் இல்லை. கப்பல் வேண்டாம், ஆற்றோர விடுதியே போதும் என்றேன். வங்கி ஊழியருக்கு முதலில் மனூ என்றுதான் எழுதினேன். அவருக்கு விடுப்பு ஒன்பது நாள்கள்தான் என்று தெரிந்ததும் மாற்றிக்கொண்டேன்: தம்போபாட்டாவின் தொலைவிடுதி ஒன்றில் ஐந்து இரவுகள், செப்டம்பரில். ஜாகுவார் படம் கட்டாயம் வேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருந்தால் அமேசானையே விட்டுவிட்டு, பிரேசிலின் பந்தனால் சதுப்புநிலத்தில் இருக்கும் போர்ட்டோ ஜோஃப்ரேவுக்குப் போவதுதான் அறிவு என்றும் சேர்த்தேன். அங்கே திறந்த ஆற்றங்கரை, வறண்ட மாதங்களில் ஜாகுவார் தெரிவது ஏறத்தாழ வழக்கமான நிகழ்வு.

மாணவருக்குக் குயபேனோ, ஐந்து நாள். அவர் கையில் இருந்த பயணச்சீட்டு ஜனவரி கடைசிக்கு. அதை மார்ச்சுக்குத் தள்ளிப்போட முடியுமா என்று பார்க்கச் சொன்னேன். இல்லாவிட்டால் ஏரிக்குப் பதிலாகச் சேற்றைத்தான் பார்த்துவிட்டு வர வேண்டியிருக்கும்.